நூற்றியொன்றாம் கண்ணி

குளச்சலில் அந்த வீட்டுக்குப் புலவர் வீடு என்று பெயர். புலவர் மௌத்தாகி ஐம்பத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டு ஆண்கள் கொப்பரா விற்றார்கள், கயிறு விற்றார்கள், கொழும்புக்குத் தோணி விட்டார்கள், மலையாளப் பத்திரிகை வாசித்தார்கள். ஒருவர்கூட ஒரு வரி பாட்டு எழுதியதில்லை. ஆனாலும் பக்கீர் புலவர் பாடிவைத்துப் போன மூன்று மாலைகளின் பேரைச் சொல்லி மூன்று தலைமுறை மரியாதை வாங்கிக்கொண்டிருந்தது. பள்ளிவாசலில் முன்வரிசை. கல்யாணப் பேச்சில் தனி எடுப்பு. யாராவது கொஞ்சம் மரியாதை குறைத்துப் பேசினால், "நாங்க புலவர் வீடாக்கும்" என்று ஒரு செருமல்.

அந்த வீட்டில் பாட்டெழுதத் தெரிந்த ஜீவன் ஒன்றே ஒன்று இருந்தது. அது அடுக்களையை ஒட்டிய சாய்ப்பு அறையில் கிடந்தது. சைனப் பீவி என்று பெயர். புலவரின் மகன் வயிற்றுப் பேத்தி. புலவர் கண்ணை மூடிய அதே வருஷம் கண்ணைத் திறந்தவள்.

அவளுடைய அண்ணன் மீரா முகைதீனை அவர்களின் வாப்பா இரணியல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கே மலையாளமும் இங்கிலீஷும் கிடைத்தன. சைனபுவை நாலு வீடு தள்ளி இருந்த லெப்பை வீட்டு உம்மாவிடம் ஓத அனுப்பினார். அங்கே அவளுக்குக் கிடைத்தது அரபுத்தமிழ். தமிழ்தான், ஆனால் அரபி எழுத்தில், வலமிருந்து இடமாக எழுதுவது. அந்தத் தெருப் பெண்களுக்கு வாய்த்த ஒரே எழுத்து அது. ஒன்பது வயதுக்குள் பாட்டனாரின் மூன்று மாலைகளையும் அவள் நோட்டைப் பார்க்காமல் சொல்வாள். மீரா முகைதீனுக்கு ஐம்பத்தெட்டு வயதிலும் அந்த எழுத்தில் ஒரு பக்கம் சேர்ந்தாற்போல வாசிக்க வராது. இதில் யார் புலவர் பரம்பரை என்று நீங்களே சொல்லுங்கள்.

பதினாறு வயதில் அவளைக் கொழும்பில் கடை வைத்திருந்த ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை வருவான், போவான். இருபதாவது வயதில் அவளுக்குத் தலைப்பிரசவம். இரண்டு நாள் வலி. சுற்றி உட்கார்ந்த பெண்கள் வழக்கப்படி மாலை பாடினார்கள். பக்கீர் புலவரின் மாலைதான். அதில் குதிரைகள் வந்தன, வாள்கள் வந்தன, ராஜாக்கள் படையோடு வந்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கிற ஒருத்தியை எட்டிப் பார்க்க ஒருவரும் வரவில்லை. "எனக்கு இங்க உசிரு போவுது, ஒங்களுக்குக் குதிரைச் சண்டையா!" என்று அவள் கத்தினாளாம். பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. மூன்றாம் மாதம் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மாப்பிள்ளை அங்கே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டானாம். அந்தக் கடிதத்தைக்கூட அவன் எழுதவில்லை, கூட்டாளியை விட்டு எழுதியிருந்தான்.

அவன் விட்டுப்போன சாமான்களில் நீலக்கோடு போட்ட நோட்டு ஒன்று இருந்தது. சைனபு அதில் எழுத ஆரம்பித்தாள். எட்டு மாதத்தில் நூற்றியொரு கண்ணி. கண்ணிக்கு இரண்டு அடி. குதிரை கிடையாது. இடுப்பு வலி இருந்தது. பனிக்குடம் உடைவது இருந்தது. கடலுக்கு அப்பால் போய் உட்கார்ந்துகொண்ட புருஷனைத் திட்டுவது இருந்தது. கத்து பெண்ணே, வெட்கப்படாதே என்று சொல்லுகிற கண்ணிகள் மட்டும் ஏழு இருந்தன. நூறாவது கண்ணி இப்படி வரும்:

*தண்ணீரில் கப்பலுக்குத் தடம்காட்டும் றகுமானே*
*கண்ணீரில் நிற்பவளைக் கரைசேர்க்க வேணுமல்லா*

மாலை பாடுகிறவர்கள் கடைசியில் தங்கள் பேரைக் கட்டி முடிப்பது வழக்கம். பக்கீர் புலவர் மூன்றிலும் மறக்காமல் கட்டியிருக்கிறார். சைனபுவும் கட்டினாள்:

*பெற்றவளும் பிள்ளையுமாய்ப் பிழைத்தெழுந்த வேளையிலே*
*கற்றறியாச் சைனபுவின் கண்ணியிது என்பீரே*

பக்கத்து வீட்டுப் பேறுகாலத்தில் முதல்தடவை பாடினாள். அடுத்த பேறுகாலத்துக்கு அவர்களே வந்து கூப்பிட்டார்கள். பிறகு அவள் போகாத பேறுகாலம் அந்த ஊரில் இல்லை. பிழைத்தெழுந்த வேளையிலே என்று வந்துவிட்டதால் கடைசிக் கண்ணியை முன்கூட்டிச் சொல்ல முடியாது, சொன்னால் பொய்யாகிவிடும். ஆகவே நூறாவது கண்ணியில் வந்து நின்றுகொண்டு அதையே திரும்பத் திரும்பப் பாடுவார்கள். பிள்ளை அழுது, நஞ்சுக்கொடி விழுந்து, தாய் கண்ணைத் திறந்து பார்த்த பிறகுதான் நூற்றியொன்று. அதைச் சொன்ன பிறகுதான் காதில் பாங்கு சொல்லப் பிள்ளையை வெளியே ஆண்களிடம் கொடுப்பது. இரண்டு உயிரில் ஒன்று போனாலும் நூற்றியொன்று கிடையாது. சைனபு நோட்டை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிடுவாள். முப்பது வருஷத்தில் அப்படிப் பல தடவை மூடியிருக்கிறாள். அவளுக்கென்று யாரும் அந்தக் கண்ணியைச் சொல்லும்படி வாய்க்கவில்லை.

நாளாவட்டத்தில் இது ஊர்ப் பேச்சாகிவிட்டது. ஒரு வீட்டில் பேறுகாலம் என்றால் கடைத்தெருவில் ஆண்கள், "நூத்தியொண்ணு ஆச்சா?" என்றுதான் கேட்பார்கள். சுகப்பிரசவமா என்று அர்த்தம். "நூறோட நின்னுட்டு" என்று பதில் வந்தால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு குழி வெட்ட மையவாடிக்குப் புறப்படுவார்கள். அந்த நூறு என்ன, அந்த ஒன்று என்ன, எங்கிருந்து வந்தது என்று எந்த ஆணும் கேட்டதில்லை. பேறுகால அறைக்குள் அவர்கள் நுழைவதில்லை. ஆதிகாலத்துப் பேச்சு என்று நினைத்துக்கொண்டார்கள். மீரா முகைதீனும் தன் மூன்று பிள்ளைகளுக்கும், "நூத்தியொண்ணு ஆச்சா?" என்று அறைவாசலில் நின்று கேட்டவர்தான்.

ஆஸ்பத்திரியில் வேலை பழகிவந்த மருத்துவச்சி ராஜபாய்க்குக்கூட அந்தப் பாட்டு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவப் பெண். "எனக்கு வாச்சு வேண்டாம் பீவி. அறுபதாம் கண்ணிக்குள்ள தலை தெரியல்லண்ணா நான் ஆஸ்பத்திரிக்குக் கார் விளிக்கச் சொல்லுவேன்" என்பாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில், தமிழ்த் தாலுகாக்களைப் பிரிக்கச் சொல்லி நடந்த கிளர்ச்சியில் புதுக்கடைப் பக்கம் துப்பாக்கிச் சூடு நடந்த வாரம், ரோட்டில் போலீஸ் வண்டியைத் தவிர ஒன்றும் ஓடவில்லை. அந்த வாரத்திலும் இவர்கள் இருவரும் இரண்டு மைல் நடந்து போய் ஒருத்தியைப் பிழைக்கவைத்துவிட்டு வந்தார்கள். மீரா முகைதீன் அந்த வாரம் முழுக்க வீட்டுக் கதவைத் திறக்கவில்லை.

அப்படிப்பட்டவருக்குத்தான் ஐம்பத்தாறில் திடீரென்று தமிழ்ப்பற்று வந்தது. நவம்பர் ஒன்றாம் தேதி தாலுகா மலையாள ராஜ்யத்திலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேரப்போகிறது என்று உறுதியானவுடன் கடைப் பலகையில் மேலே இருந்த மலையாளம் கீழே போனது, கீழே இருந்த தமிழ் மேலே வந்தது. இணைப்பு விழாக் கமிட்டிக்கு அவரே தலைவர். புலவர் வீட்டின் தமிழ்த் தொண்டை உலகம் அறிய வேண்டாமா? பாட்டனாரின் மாலைகளைப் புத்தகமாகப் போட்டு விழாவில் வெளியிடுவது என்று தீர்மானித்தார். அச்சாபீஸ் முத்துநாயகம் ஒரு சங்கடம் சொன்னார். மூன்று மாலையும் சேர்ந்து நாற்பது பக்கம்தான் வருகிறது, கையில் எடுத்தால் நோட்டீஸ் மாதிரி இருக்கும், இன்னும் ஏதாவது இருக்கிறதா?

அப்போதுதான் மீரா முகைதீனுக்குத் தங்கையின் ஞாபகம் வந்தது.

"ஏட்டி சைனபு, நீயும் என்னமோ எழுதிவச்சிருக்கியாமே. எடு, அதையும் அச்சில போடுவோம்" என்றார் சாய்ப்பு அறை வாசலில் நின்று. ஐம்பத்திரண்டு வயதுக்காரி சின்னப் பிள்ளை மாதிரி உள்ளே ஓடினாள். நோட்டைக் கல்யாணத்துத் துப்பட்டியில் பொதிந்து இரண்டு கையாலும் நீட்டினாள். "ஒரு எழுத்து தப்பாம பாத்துக்கிடுங்கோ காக்கா" என்றாள். அன்று அடுக்களையில் மீன்சட்டியைக் கழுவிக்கொண்டே பாடினாள். தன் பாட்டைப் பற்றி ஒன்றுமே கேட்காத அண்ணன் மேல் அவளுக்கு முப்பது வருஷமாக இருந்த வருத்தம் அந்த ஒரு வார்த்தையில் கரைந்து போயிற்று. பேரைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை. யோசிக்க என்ன இருக்கிறது? கடைசிக் கண்ணியில் பேர் இருக்கிறது. கட்டின பேரை அவிழ்க்க யாரால் முடியும் என்று நினைத்தாள் அந்த அப்பாவி.

கோட்டாற்றிலிருந்து சேக் மைதீன் என்ற எழுத்தர் வந்து பத்து நாள் தங்கி, எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் பெயர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். விழா நடந்தது. தோரணம், கொடி, பிரசங்கம், மிட்டாய். பெண்களுக்கு அங்கே இடமில்லை. மறுநாள் சைனபுவின் நோட்டும் ஒரு புத்தகமும் சாய்ப்பு அறைக்கு வந்தன. நல்ல பச்சை அட்டை. சைனபு அதை முகர்ந்து பார்த்தாள். தமிழ் எழுத்து அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அண்ணன் மகள் மைமூன் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். எட்டாம் வகுப்பு வரை படித்த பெண். அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "முதல்ல அட்டையை வாசி மக்கா" என்றாள்.

மைமூன் வாசித்தாள். "புலவர் வீட்டுப் பாமாலை. பெரும்புலவர் பக்கீர் அவர்கள் இயற்றிய நான்கு மாலைகள்."

"மூணு" என்றாள் சைனபு. "மூணுதான் அவரு எழுதினாரு."

"நாலுண்ணு போட்டிருக்கு மாமி."

அட்டையில் பிழை விழுந்திருக்கும் என்று நினைத்தாள். உள்ளே வாசிக்கச் சொன்னாள். மீரா முகைதீன் எழுதிய முன்னுரை ஐந்து பக்கம். பிறகு வம்சாவளி. பக்கீர் புலவருக்கு ஆண்மக்கள் இன்னார், அவருக்கு ஆண்மக்கள் இன்னார் என்று வரிசையாகப் பட்டமும் தொழிலும் போட்டு வந்தது. சைனபுவின் வாப்பா பேருக்குக் கீழே மீரா முகைதீனின் பேர், அதற்குக் கீழே சின்ன எழுத்தில், "பெண்மக்கள் ஒருவர்" என்று இருந்தது. அந்த ஒருவர்தான் சைனப் பீவி. மீரா முகைதீனின் மனைவி சுபைதா பேகம் அந்த ஒருவராகக்கூட இல்லை. பிள்ளைகள் அவருக்கு வானத்திலிருந்து விழுந்த மாதிரி இருந்தது வம்சாவளி.

நாலாவது மாலையை மைமூன் தொடக்கத்திலிருந்து வாசித்தாள். சைனபு கூடவே உதட்டை அசைத்துக்கொண்டு போனாள். ஒரு எழுத்து தப்பவில்லை. தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு.

மைமூன் புத்தகத்தை மூடினாள். "முடிஞ்சிட்டு மாமி."

"முடியல்ல. திருப்பு."

"அடுத்த பக்கம் வெறும் வெள்ளையாக்கும்."

சைனபு புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். எழுத்துத் தெரியாவிட்டாலும் வெள்ளைத்தாள் தெரியாதா? முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நேரே கடைப்பக்கத்து முன்னறைக்குப் போனாள். அந்த அறைக்கு அவள் போய்ப் பல வருஷம் இருக்கும்.

"காக்கா, இந்தப் பாட்டு புலவர் எழுதினதா?"

மீரா முகைதீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "குடும்பத்துச் சொத்துதானட்டி. யாரு எழுதினா என்ன?"

"அவரு மௌத்தான வருஷமாக்கும் நான் பிறந்தது. எனக்கு வலி வந்தது அவருக்கு எப்படித் தெரியும்? கடைசிக் கண்ணியை யாரு வெட்டினது? அந்த எழுத்தரா?"

"அவன் எழுதித்தான் தந்தான். நான்தான் அடிச்சேன். நூறுண்ணா ஒரு நிறைவு. நூத்தியொண்ணு பாக்க நல்லாவா இருக்கு?" சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நீ கோவப்படாம கேளு. அச்சில வந்த தாளு எங்கெல்லாம் போகும் தெரியுமா? நாளைக்குச் சந்தையில ஒருத்தன் அதைக் கிழிச்சு வத்தல் மொளவு பொதிஞ்சு குடுப்பான். கண்டவன் கையில எனக்க தங்கச்சிக்க பேரு கிடக்கணுமா? ஒனக்க மானத்துக்குத்தான் செய்தேன்."

"அப்பம் புலவருக்க பேரில மொளவு பொதியலாமோ?"

"அவரு ஆம்பளை."

அவள் மானத்தை அவர் காப்பாற்றினாராம். அவளுடைய வலியை எடுத்து, அவளுடைய செத்த பிள்ளையை எடுத்து, அவளுடைய முப்பது வருஷ நடையை எடுத்துத் தன் பாட்டனார் தலையில் முடியாகச் சூட்டிவிட்டு, அதற்கு மானம் என்று பேர் வைத்தார். கதவுக்குப் பின்னால் சுபைதா நின்றுகொண்டிருந்தாள். மூன்று பேறுகாலத்திலும் சைனபுவின் கையைப் பிடித்துக்கொண்டு பெற்றவள். அவளும் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் செய்ததைவிட மைனியின் மௌனம் சைனபுவை அதிகமாகச் சுட்டது.

"நூறோட நிறுத்தியிருக்கிய. நிறுத்தினா என்ன அர்த்தம்ணு ஒங்களுக்குத் தெரியாது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

அன்றிலிருந்து அவள் பாடவில்லை. நவம்பர் மாதம் மூன்று வீட்டிலிருந்து ஆள் வந்தது. "என்னை என்னத்துக்கு விளிக்கிய? பாட்டு பக்கீர் புலவருக்குள்ளதாக்கும். அவரைப் போய்க் கூட்டிட்டுப் போங்கோ. மையவாடியிலதான் கிடக்காரு" என்று அனுப்பிவிட்டாள். ராஜபாய் வந்து கெஞ்சினாள். அவளிடமும் அசையவில்லை. அந்த மூன்று பிள்ளைகளும் சுகமாகத்தான் பிறந்தன. அந்த வீடுகளில் பெண்கள் தாங்களே பாடி, நூற்றியொன்றையும் சொல்லி, அவள் பேரையும் சொன்னார்கள். அது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் ஆறவில்லை. அறைக்குள் சொல்கிற பேருக்கு ஆயுசு எவ்வளவு? இந்தக் கிழவிகள் இருக்கும்வரைதான். இனி வருகிற பெண்கள் எல்லாம் மைமூன் மாதிரி பள்ளிக்கூடத்து எழுத்துப் படித்தவர்கள். அவர்கள் புத்தகத்தைத்தான் பார்ப்பார்கள். புத்தகத்தில் வெள்ளைத்தாள் இருக்கிறது.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மைமூனுக்கு வலி எடுத்தது.

சாய்ப்புச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பேறுகால அறை. முதல் சத்தம் கேட்டபோது சைனபு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்துக்கொண்டே இருந்தாள். இரண்டாவது சத்தத்துக்குக் கத்தியைக் கீழே வைத்தாள். சுபைதா வந்து வாசலில் நின்றாள்.

"சைனபு, வா."

"பாட மாட்டேன் மைனி."

"பாடாண்டாம். வந்து இரி. பிள்ளை ஒன்னைத் தேடுது."

பிள்ளை என்ன பாவம் செய்தது? போனாள். நோட்டை எடுத்துக்கொள்ளாமல் போனாள். மூலையில் உட்கார்ந்து மைமூனின் கால்மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டு மருமகள் பச்சை அட்டைப் புத்தகத்தை விரித்துவைத்து வாசிக்க ஆரம்பித்தாள். வாசித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்; அந்தப் பெண்ணுக்கு ராகம் தெரியாது. பத்திரிகை வாசிக்கிற மாதிரி இருந்தது. நாற்பதாம் கண்ணி தாண்டும்போது மைமூன் தலையைத் திருப்பி, "மாமி..." என்றாள். கையை நீட்டினாள்.

சைனபு பல்லைக் கடித்தாள். இனிப் பாடவே மாட்டேன் என்று அல்லாவை முன்வைத்துச் சொல்லியிருந்தாள். ஆனால் இருபது வயதில் குதிரைச் சண்டை கேட்டுக்கொண்டு கிடந்தது ஞாபகம் வந்தது. எழுந்து போய் மைமூனின் கையைப் பிடித்தாள். நாற்பத்தொன்றிலிருந்து அவள் குரல் கேட்டது. அடுத்த வீட்டு மருமகள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அறையில் இருந்த ஒன்பது பெண்களும் பின்பாட்டு எடுத்தார்கள். அறுபதாம் கண்ணியில் ராஜபாய், "தலை தெரியுது" என்றாள். நூறாவது கண்ணியைப் பதினெட்டுத் தடவை பாடினார்கள். பத்தொன்பதாவது தடவையின் நடுவில் பிள்ளை வீறிட்டு அழுதது. பெண்பிள்ளை. நஞ்சு விழுந்தது. மைமூன் கண்ணைத் திறந்து, தண்ணி கேட்டாள்.

வெளியே ஜும்மா முடிந்து ஆண்கள் எல்லாரும் நேரே இந்த வீட்டு முற்றத்துக்கு வந்திருந்தார்கள். புலவர் வீட்டுப் பேரப்பிள்ளை பிறக்கிறது, சும்மாவா? பள்ளிவாசல் கத்தீபும் வந்து உட்கார்ந்திருந்தார். பாங்கு சொல்ல மீரா முகைதீன் கைகால் கழுவி ஒளுச் செய்து, தொப்பி மாற்றி, தயாராக நின்றார்.

அறைக்குள் எல்லாரும் சைனபுவைப் பார்த்தார்கள். கோபம் கோபம்தான், ஆனால் தாயும் பிள்ளையும் உயிரோடு கிடக்கிறபோது நூறோடு நிறுத்துவது அவளால் ஆகாத காரியம். வாயைத் திறந்தாள்.

சுபைதா அவள் வாயைப் பொத்தினாள்.

"நீ சொல்லாதே" என்றாள். "எத்தனை நாளைக்கு நீயே சொல்லுவ? வெட்டினவரு சொல்லட்டு."

முப்பத்தைந்து வருஷம் அந்த வீட்டில் சத்தம் உயர்த்திப் பேசாதவள், பிள்ளையைத் துணியில் சுற்றி வாங்கி, வாசல் திரைக்குப் பின்னால் போய் நின்றாள். பாட்டு நின்றுபோனதைக் கேட்டு வெளியே மீரா முகைதீன் கிட்டே வந்திருந்தார்.

"நூத்தியொண்ணு ஆச்சா?" என்று கேட்டார், வழக்கம்போல.

"இல்ல. நூறுதான் ஆச்சு."

முற்றத்தில் பேச்சு அடங்கியது. ஒரு கிழவர், "இன்னாலில்லாஹி" என்று சாவுக்குச் சொல்வதை ஆரம்பித்துவிட்டார். மீரா முகைதீன் திரையில் காதை வைத்தார். பிள்ளை அழுகிற சத்தம் கேட்கிறது. அப்படியானால் போனது யார்? "மைமூனுக்கு என்ன? மைமூனுக்கு என்ன ஆச்சுது?" என்று திரையைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"மைமூனுக்கு ஒண்ணுமில்ல. இஞ்ச தண்ணி குடிச்சிட்டுக் கிடக்கா. ஒங்க புத்தகத்தில நூறோட நிக்கிது. அதுக்கு மேல எங்களுக்கு எங்க போக? ஒண்ணு நீங்க வெட்டினது. அதை நீங்களே பறயுங்கோ. பறஞ்சாத்தான் பிள்ளையைத் தருவேன்."

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. இத்தனை காலம் கேட்ட கேள்வி, வாசலில் நின்று மூன்று தடவை கேட்ட கேள்வி, அவருடைய சிவப்புப் பென்சிலால் அவரே அடித்த அந்த இரண்டு வரி. முற்றத்தில் இருந்தவர்களுக்கும் மெல்ல மெல்ல விளங்கியது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கு ஓர்மையில்ல" என்றார்.

"ராஜபாய், பிள்ளைக்குத் தாமசமானா கேடுண்டா?" என்று சுபைதா உள்ளே பார்த்துக் கேட்டாள்.

"பிள்ளை நல்லா இருக்கு. முதலாளிக்குத்தான் கேடு" என்றாள் ராஜபாய், கையைத் துடைத்துக்கொண்டே.

திரைக்கு உள்ளேயிருந்து சைனபு முதல் அடியைச் சொன்னாள். பாடவில்லை, சும்மா, ஒரு சாமான் கேட்கிற மாதிரி சொன்னாள். "பெற்றவளும் பிள்ளையுமாய்ப் பிழைத்தெழுந்த வேளையிலே." மீரா முகைதீன் அதைத் திருப்பிச் சொன்னார். இரண்டாம் அடியைச் சொன்னாள். அவர், "கற்றறியா" என்று எடுத்துவிட்டு நின்றார். கத்தீப் இருக்கிறார். விழாக் கமிட்டி முழுக்க இருக்கிறது. சந்தையில் மிளகாய் பொதிகிறவனும் இருக்கிறான். ஒரு மாதத்துக்கு முன்னால் எந்தப் பேர் நாலு பேர் வாயில் விழக்கூடாது என்றாரோ, அந்தப் பேரை அவர் வாயால் இத்தனை பேருக்கு முன்னால் சொல்ல வேண்டும். பிள்ளை வீறிட்டது. சைனபு காத்திருந்தாள். இரக்கம் வரவில்லை அவளுக்கு. முப்பது வருஷமாக அவள் காத்திருந்ததற்கு இது ஒன்றும் அதிகமில்லை.

"சைனபுவின் கண்ணியிது என்பீரே" என்றார் கடைசியில், வாய்க்குள்.

"கேக்கல்ல" என்றாள் சுபைதா.

உரக்கச் சொன்னார். உள்ளே பத்துப் பெண்களும் சேர்ந்து அந்தக் கண்ணியை மூன்று தடவை பாடினார்கள். மைமூனும் படுத்தபடியே பாடினாள். அதற்குப் பிறகுதான் திரை விலகிப் பிள்ளை அவர் கைக்குப் போனது. அவர் அதன் காதில் பாங்கு சொன்னார்.

இத்தோடு நியாயம் கிடைத்துவிட்டது என்று யாராவது நினைத்தால் அவர்களுக்குப் பெரிய வீட்டு ஆண்களைத் தெரியாது. மறுநாளே அவர் பழையபடி நிமிர்ந்து நடந்தார். விற்காத புத்தகம் நானூற்றுக்கு மேல் கொப்பரா சேர்த்துவைக்கிற கிட்டங்கியில் கட்டுக் கட்டாகக் கிடந்தது. மைமூன், நாற்பது நாள் படுக்கையில் சும்மாதானே கிடக்கப் போகிறேன், அட்டையையும் கடைசிப் பக்கத்தையும் நான் கையால் எழுதித் திருத்துகிறேன், கிட்டங்கியைத் திறந்துவிடுங்கள் வாப்பா என்று கேட்டாள். "பாப்போம்" என்றார். மறுநாளும் கேட்டாள். "கொப்பரா இறக்கி வச்சிருக்கு, இப்பம் திறக்கப் பற்றாது" என்றார். சாவி அவர் இடுப்பிலேயே தொங்கியது.

ஏழாம் நாள் பிள்ளைக்குப் பேர் வைக்கிற அன்று அவர் பேறுகால அறைக்கு வந்தார். சைனபு பிள்ளையை மடியில் போட்டு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தில் பெரிய மனசு பொங்கி வழிந்தது.

"ஏட்டி, ஒனக்க சங்கடம் எனக்குத் தெரியும். நான் தீர்மானிச்சாச்சு. பிள்ளைக்கு சைனபுண்ணு ஒனக்க பேரையே வைக்கப் போறேன். கத்தீபுக்கிட்ட சொல்லியாச்சு. இனி ஆருக்கும் மறக்காது. போருமா?"

சைனபு எண்ணெய்க் கையைத் துடைத்தாள். பிள்ளையைத் துணியால் மூடினாள்.

"எனக்க பேரைப் பிள்ளைக்கு வைக்காண்டாம் காக்கா. பிள்ளைக்கு ஒரு புதுப் பேரு வையுங்கோ, அது அதுக்க பாட்டுக்கு வாழட்டும். எனக்க பேரை எனக்க பாட்டுக்கு வையுங்கோ."

சுபைதா சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மைமூன் தலையணைக்கு அடியிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தாள். மீரா முகைதீன் அந்தப் பேனாவைப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து கிட்டங்கிச் சாவியை அவிழ்த்து, மகளின் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போனார்.